கடல் வாசலுக்கு வந்துவிட்டது: பழைய கலங்கரை விளக்கத்தை நகர்த்துவதா, கரையைக் கட்டுவதா, கழற்றி வைப்பதா?

ஒரு கலங்கரை விளக்கத்தை அப்படியே முழுசாகத் தூக்கித் தண்டவாளத்தில் நகர்த்திக்கொண்டு போகும் வீடியோக்கள் அவ்வப்போது சுற்றுகின்றன. அதைப் பார்த்தவர்கள் கேட்பது பெரும்பாலும் இதுதான்: இப்படி நகர்த்த முடியும் என்றால் மற்றவற்றையெல்லாம் ஏன் கடலுக்குக் கொடுக்கிறார்கள்? இன்னொரு பக்கம் இதற்கு நேர் எதிராகக் கேட்பவர்கள் இருக்கிறார்கள். நாலு லாரி கருங்கல் கொட்டினால் தீர்கிற விஷயத்துக்கு எதற்குக் கோடிக்கணக்கில் செலவு என்பார்கள். இரண்டு தரப்பும் கோபுரத்தைத்தான் பார்க்கிறது. அது நிற்கும் மண்ணை யாரும் பார்ப்பதில்லை.

கடலரிப்பில் மாட்டிய பழைய விளக்கத்துக்கு நடைமுறையில் நாலு வழிதான் உண்டு. கடலைத் தடுக்கலாம், கோபுரத்தை நகர்த்தலாம், நின்ற இடத்திலேயே அடியைப் பலப்படுத்தலாம், அல்லது கழற்றி எடுத்துவைக்கலாம். நாலுக்கும் உண்மையான உதாரணங்கள் இருக்கின்றன, நாலிலும் காசைத் தொலைத்தவர்களும் இருக்கிறார்கள். அமெரிக்காவின் வட கரோலினாவில் இருக்கும் கேப் ஹேட்டரஸ் விளக்கத்தை நடுவில் வைத்துக்கொண்டு மற்றவற்றைச் சுற்றிப் பார்க்கலாம். இந்த நாலில் முதல் இரண்டும் அங்கே முப்பது வருஷம் மேசை மீது கிடந்து சண்டை போட்டன.

## எதை வைத்து அளப்பது

முதலில் பார்க்க வேண்டியது தரைக்கு இன்னும் எத்தனை வருஷம் ஆயுள் என்பது. பழைய சர்வே வரைபடம், கப்பல் வரைபடம், பழைய போட்டோ எல்லாவற்றையும் அடுக்கி, கரைக்கோடு ஐம்பது நூறு வருஷத்தில் எங்கிருந்து எங்கே வந்தது என்று பார்க்க வேண்டும். ஆனால் சராசரியை நம்பி உட்கார்ந்துவிடக் கூடாது. வருஷத்துக்கு நாலடி என்று கணக்கு சொல்லும், பத்து வருஷம் ஒன்றும் ஆகாது, அப்புறம் ஒரே புயலில் நாற்பதடி போய்விடும்.

அடுத்தது அஸ்திவாரம். பாறையில் நிற்கிறதா, மணலில் மிதக்கிறதா, மரத்தூண்களை அடித்து அதன்மேல் கட்டியதா? மூன்றுக்கும் சாவு வெவ்வேறு மாதிரி வரும். கட்டிய காலத்து வரைபடம் கிடைத்தால் அதைவிடப் பெரிய சொத்து வேறில்லை.

மூன்றாவதில்தான் ஊர்க்கூட்டங்கள் இரண்டாக உடையும். நமக்கு மதிப்பு இடத்திலா, கட்டடத்திலா? "அந்த முனையில் நின்றால்தான் அது எங்கள் விளக்கம்" என்பவருக்கும், "அந்தச் செங்கல்லும் படிக்கட்டும் பிழைத்தால் போதும்" என்பவருக்கும் ஒரே விடை இருக்க முடியாது. இதை முன்கூட்டியே பேசித் தீர்க்காமல் டெண்டர் வரை போனால் கோர்ட்டில்தான் நிற்கும்.

பின்னால் காலி நிலம் இருக்கிறதா, அது யாருடையது என்பதும் சேர வேண்டும். கடைசியாக, எல்லோரும் தவிர்க்கிற கேள்வி: இருபத்தைந்து வருஷம் கழித்துச் சாரம் கட்டிப் பெயிண்ட் அடிக்கப் போவது யார்? என்னைக் கேட்டால் இதைத்தான் முதலில் கேட்பேன். இதற்குப் பதில் இல்லாத இடத்தில் மற்ற நாலு கேள்விக்கு எவ்வளவு நல்ல பதில் வந்தாலும் பிரயோஜனம் இல்லை.

## வழி 1: கடலைத் தடுப்பது

இப்போது நிற்கும் ஹேட்டரஸ் கோபுரம் 1870ல் எரியத் தொடங்கியபோது கடல் சுமார் 1,500 அடி தள்ளி இருந்தது. 1936லேயே அலை நெருங்கிவிட்டது என்று கோபுரத்தைக் கைவிட்டு, உள்ளே தள்ளி ஓர் இரும்புச் சட்டக் கோபுரத்தில் விளக்கை வைத்தார்கள். நடுவில் மணல் கொஞ்சம் சேர்ந்ததும் 1950ல் மறுபடி பழைய கோபுரத்துக்கே விளக்கு திரும்பியது. 1970 வாக்கில் தூரம் வெறும் 120 அடி.

அந்தச் சமயத்தில் பக்கத்தில் இருந்த கடற்படைத் தளத்தைக் காப்பாற்றுவதற்காகக் கடற்படை மூன்று தூண்டில் வளைவுகளைக் கட்டியது. நம் மீனவ ஊர்களில் அடிக்கடி கேட்கிற அதே கோரிக்கைதான்: கரையிலிருந்து கடலுக்குள் நீட்டிக் கட்டும் தடுப்பு, கரையோரம் நகரும் மணலைப் பிடித்து நிறுத்தும். மணலை அள்ளிவந்து கரையில் கொட்டியும் பார்த்தார்கள், 1966, 1971, 1973 என்று மூன்று முறை. எல்லாம் சேர்ந்து கோபுரத்துக்குச் சில பத்து வருஷம் வாங்கிக் கொடுத்தது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் 1980ல் வந்த ஒரு புயல், பக்கத்தில் 1803ல் எரியத் தொடங்கிய முதல் விளக்கத்தின் அஸ்திவார மிச்சத்தை அடித்துக்கொண்டு போய்விட்டது. நேற்றுவரை கண்ணால் பார்த்துக்கொண்டிருந்த கல் இன்று இல்லை என்றதும்தான் பயம் பிடித்தது.

ராணுவப் பொறியாளர்கள் கோபுரத்தைச் சுற்றி வளையமாக ஒரு கடல்சுவர் எழுப்பும் திட்டத்தைக் கொண்டுவந்தார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கும். சுவர் நிற்கும், ஆனால் சுவருக்கு இரண்டு பக்கமும் கரை பின்வாங்கிக்கொண்டே போகும். கடைசியில் கோபுரம் ஒரு கோட்டைக்குள் அடைபட்டுத் தீவாக நிற்கும், போய்வரப் படகு வேண்டும்.

தடுப்பின் மறைமுகச் செலவு எங்கே போய் விழுகிறது என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சென்னைத் துறைமுகத்தின் சுவர் 1870களில் எழத் தொடங்கியதும் தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகலமானது, வடக்கே ராயபுரம் பக்கம் கரை கரைந்தது. பிடித்து வைத்த மணல் இன்னொருவர் வாசலுக்குப் போக வேண்டிய மணல். புதுச்சேரியிலும் அப்படித்தான், துறைமுகத் தடுப்புகள் வந்தபின் நகரத்தின் முன்னால் மணல் வற்றிக் கருங்கல் குவியல்தான் மிஞ்சியது. 1836 முதல் எரிந்த அங்கத்திய பழைய விளக்கம் இன்றும் கடற்கரைச் சாலையில் பத்திரமாக நிற்கிறது என்றால் அந்தக் கல்வரிசைக்கும் அதில் பங்குண்டு, ஆனால் ஊர் தன் மணற்கரையை அதற்கு விலையாகக் கொடுத்தது. பின்னாளில் நீருக்கடியில் எஃகுக் கட்டமைப்பு ஒன்றை இறக்கிக் கொஞ்சம் மணலைத் திரும்ப வரவழைத்தார்கள், அதுவும் இன்னொரு செலவு.

கொட்டிய கல் அப்படியே இருக்கும் என்று நினைப்பதும் தப்பு. அலை அடியில் மணலைத் தோண்டத் தோண்டக் கல் புதைந்து இறங்கும், சில வருஷத்துக்கு ஒருமுறை மேலே மறுபடி கொட்ட வேண்டும். முதல் பில்லைப் போட்டிபோட்டுக் கட்டுகிற அரசியல்வாதி மூன்றாவது பில்லுக்கு வரமாட்டார்.

சரி, எங்கே இது சரியான வழி? விளக்கத்தைச் சுற்றி ஏற்கெனவே ஊர் இருந்து, சாலையும் வீடுகளும் எப்படியும் காப்பாற்றப்பட வேண்டியவை என்றால் தடுப்பின் செலவு கோபுரத்தின் தலையில் மட்டும் விழாது. அல்லது வேறு வழிக்குப் பணம் திரட்ட ஐந்து பத்து வருஷ அவகாசம் வேண்டும் என்றால். தனியாக நிற்கும் ஒரு கோபுரத்துக்காக மட்டும் கடலோடு நிரந்தரமாக மல்லுக்கட்டுவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

## வழி 2: நகர்த்துவது

ஹேட்டரஸில் 1988ல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் குழு நகர்த்துவதே சரி என்று சொன்னது. உடனே நடக்கவில்லை. செங்கல் கோபுரம் அசைத்தால் உடைந்துவிடும் என்று உள்ளூரில் கடும் எதிர்ப்பு, நகர்த்தாதே, நாலாவது தூண்டில் வளைவைக் கட்டு என்றார்கள், வழக்கும் போட்டார்கள். வேலை நடந்தது 1999ல்.

இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டியது அந்த அஸ்திவாரத்தை. கட்டியபோது பைல், அதாவது மண்ணுக்குள் ஆழமாக இறக்கும் தூண், எதுவும் அடிக்கவில்லை. குழி தோண்டி, நிலத்தடி நன்னீர் மட்டத்துக்குக் கீழே பைன் மரக்கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு அடுக்கு பரப்பி, அதன்மேல் கிரானைட் பாளங்களை அடுக்கி, அதற்குமேல் கோபுரம். நன்னீரில் காற்று படாமல் மூழ்கிக் கிடக்கும் வரை மரம் அழுகாது, நூற்றிருபது வருஷம் கழித்தும் நன்றாகவே இருந்தது. ஆனால் கடல் நெருங்கி உப்புநீர் உள்ளே வந்தால் மரத்தைத் தின்னும் உயிரிகளும் கூடவே வரும். அலை கோபுரத்தை நேரில் தொட வேண்டிய அவசியமே இல்லை, மண்ணுக்கடியில் தண்ணீர் மாறினாலே போதும். கருங்கல் கொட்டச் சொன்னவர்கள் கணக்கில் இது வரவே இல்லை.

வேலை நடந்த விதம் நமக்குப் பழக்கமானதுதான். சென்னையில் தெரு மட்டம் ஏறி வீடு பள்ளமாகிவிட்டால் ஜாக்கி வைத்து வீட்டைத் தூக்குகிறார்களே, அதன் பெரிய அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அஸ்திவாரக் கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்து எடுத்து, எடுத்த இடத்தில் இரும்புத் தாங்கிகளை நுழைத்து, முழு எடையும் இரும்பின் மேல் வந்ததும் நூறு ஹைட்ராலிக் ஜாக்கிகளால் ஆறடி உயர்த்தினார்கள். பிறகு எஃகுப் பாதையில் ஒரு தள்ளுக்கு ஐந்தடியாக நகர்த்தினார்கள். சுமார் 4,800 டன் கோபுரம், 2,900 அடி தூரம், ஜூன் 17ல் கிளம்பி ஜூலை 9ல் போய்ச் சேர்ந்தது, மொத்தம் 23 நாள். சாய்வையும் அதிர்வையும் கவனிக்கக் கோபுரம் முழுக்க உணரிகள். விளக்கைக் கவனித்த காவலர்களின் குடியிருப்பும் எண்ணெய்க் கிடங்கும்கூட இடம்பெயர்ந்தன. செலவு ஏறக்குறைய 1 கோடியே 20 லட்சம் டாலர். புதிய இடத்தில் நின்றபோது கடலிலிருந்து அதன் தூரம் 1870ல் இருந்த தூரத்துக்குக் கிட்டத்தட்ட சமம், அதாவது இன்னொரு நூறு வருஷம் வாங்கியிருக்கிறார்கள்.

எல்லாமே இவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பதில்லை. டென்மார்க்கின் ருபியர் நூட விளக்கம் 1900ல் எரியத் தொடங்கியது, 23 மீட்டர் உயரம், 1968லேயே அணைத்துவிட்டார்கள். கடல் சில மீட்டர் தூரத்துக்கு வந்ததும் 2019 அக்டோபர் 22 அன்று 70 மீட்டர் உள்ளே தள்ளிவைத்தார்கள். சுமார் 50 லட்சம் குரோனர்தான், ஹேட்டரஸோடு பார்த்தால் சில்லறை. ஆனால் வாங்கிய காலமும் குறைவு, ஏறக்குறைய நாற்பது வருஷம். அதுவே போதும் என்று முடிவுசெய்தார்கள். எனக்கு அந்த முடிவு பிடித்திருக்கிறது. நித்திய காப்பு என்று பேசாமல் ஒரு தலைமுறைக்கு என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டுச் செய்த வேலை. இங்கிலாந்தின் பெல் டவுட் விளக்கத்தையும் 1999ல் சுண்ணப்பாறை விளிம்பிலிருந்து 17 மீட்டர் நகர்த்தினார்கள், பின்னால் இன்னொரு முறை நகர்த்த வசதியாக அடித்தளத்தையே அமைத்துவிட்டார்கள். பாறை தேய்ந்துகொண்டேதான் இருக்கும் என்று தெரிந்த இடத்தில் அது புத்திசாலித்தனம்.

மறைமுகச் செலவுகள்: போகும் வழியில் வெட்ட வேண்டிய மரம், கெட்டிப்படுத்த வேண்டிய மணல், புதிய கான்கிரீட் தளம், விளக்கின் லென்ஸைப் பாதுகாப்பது, அத்தனை எடைக்கு எடுக்கும் இன்ஷூரன்ஸ், புதிய இடத்துக்குப் பாதை, பார்க்கிங், கழிப்பறை. ஒரு கோபுரத்தை மட்டும் பிடுங்கிக் காலி மைதானத்தில் நட்டால் அது விளையாட்டுப் பொம்மை மாதிரிதான் இருக்கும். ஹேட்டரஸில் கட்டடங்கள் ஒன்றுக்கொன்று இருந்த அதே தூரத்தையும் திசையையும் காப்பாற்றியதற்குக் காரணம் அதுதான்.

இதையெல்லாம்விடப் பெரிய செலவு ஒன்று நகர்த்திய பிறகு வந்தது. அதைக் கொஞ்சம் தள்ளிச் சொல்கிறேன்.

## வழி 3: நின்ற இடத்திலேயே அடியைப் பலப்படுத்துவது

இடம்தான் முக்கியம் என்பவர்களுக்குப் பிடித்த வழி. உதாரணம் தெற்கு கரோலினாவில் சார்ல்ஸ்டன் துறைமுக வாயிலில் இருக்கும் மாரிஸ் தீவு விளக்கம், 1876ல் எரியத் தொடங்கியது, 161 அடி. அப்போது சுற்றிலும் நிலம், காவலர் வீடுகள் எல்லாம் இருந்தன. துறைமுக வாயிலை ஆழமாக்க 1890களில் கட்டி முடித்த அலைத்தடுப்புச் சுவர்கள் மணலின் போக்கை மாற்றின, தீவு கரைந்தது. கப்பல்களுக்கு வசதி செய்தபோது கப்பல்களுக்கு வழிகாட்டிய விளக்கம் காலடி மண்ணை இழந்தது. 1938ல் தண்ணீர் அடியைத் தொட்டுவிட்டது, 1962ல் அணைத்தார்கள். இன்று அது கரையிலிருந்து சுமார் 1,600 அடி தள்ளிக் கடலுக்குள் கொஞ்சம் சாய்ந்தபடி நிற்கிறது.

அடியில் 264 மரத்தூண்கள், மேலே எட்டடி கனமுள்ள கான்கிரீட். மண் இருந்தவரை தூண்களுக்கு ஆபத்தில்லை. மண் போனதும் மரம் துளைக்கும் கடல்புழு உள்ளே புகுந்தது. அதனால் 2008ல் சுற்றிலும் எஃகுத் தகடுகளை அடித்து ஒரு வளையம் கட்டினார்கள், 2010ல் பழைய அஸ்திவாரத்தின் ஊடாகவே துளைபோட்டு மெல்லிய புதிய பைல்களை இறக்கினார்கள். ஒரு தொண்டு அமைப்பு 1999ல் அந்தக் கோபுரத்தை வாங்கிய விலை 75,000 டாலர். அடியைப் பலப்படுத்த ஆன செலவுக்கு முன் வாங்கிய விலை எந்த மூலைக்கும் காணாது. "இலவசமாகவே கிடைக்கிறது" என்று ஒரு பழைய விளக்கம் கைக்கு வரும்போது ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டிய கணக்கு இது.

ஒவ்வொரு மூட்டை சிமெண்டும் படகில் போக வேண்டும், வேலை செய்யும் நேரத்தை அலைதான் முடிவுசெய்யும், உப்புநீரில் நிற்கும் எஃகு வளையத்துக்கும் ஆயுள் உண்டு. பார்வையாளரை உள்ளே விட முடியாததால் டிக்கெட் வருமானமும் கிடையாது.

இந்த வழி தோற்றதற்கான சரியான பாடம் ஃபுளோரிடாவில் இருக்கிறது. கேப் செயின்ட் ஜார்ஜ் விளக்கம், 1852. 1995ல் ஓப்பல் புயல் அடித்ததில் சாய்ந்தது. 2002ல் அதை நிமிர்த்தி, அடியில் புதிய கான்கிரீட் போட்டு நேராக நிறுத்தினார்கள், வேலையில் ஒரு குறையும் சொல்ல முடியாது. 2005 அக்டோபரில் கடலில் விழுந்தது. கோபுரத்தைச் சரிசெய்தார்கள், கரை அதுபாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

ஆக, அடியில் பாறையோ எட்டும் ஆழத்தில் கெட்டி மண்ணோ இருந்து, மேல்மண் மட்டும் போகிறது என்றால் இதை யோசிக்கலாம். கோபுரம் ஏற்கெனவே தண்ணீருக்குள் நிற்கிறது, நகர்த்த நிலம் இல்லை என்றால் வேறு வழியே இல்லாமல் இதற்குத்தான் வருவோம். மணல் திட்டில் இதைச் செய்வதானால் கரையையும் சேர்த்துக் காப்பாற்ற வேண்டும், அப்போது இரண்டு பில்.

## வழி 4: கழற்றி எடுத்துவைப்பது

இதைச் சொன்னாலே கோபப்படுகிறார்கள். ஆனால் இங்கிலாந்தின் ஆர்ஃபர்ட் நெஸ்ஸில் 1792ல் கட்டிய விளக்கத்துக்கு இதுதான் நடந்தது. 2013ல் விளக்கை அணைத்தார்கள், ஆர்வலர்கள் வாங்கிக் கூழாங்கல் மூட்டைகளை அடுக்கிச் சில வருஷம் கடலை நிறுத்திவைத்தார்கள். கரை தொடர்ந்து போனதால் 2020ல் கோபுரத்தை இடித்தார்கள். அதற்கு முன் விளக்கறையையும் முக்கியமான பாகங்களையும் பத்திரமாக இறக்கிவிட்டார்கள். தானாக விழுந்திருந்தால் அதுவும் கிடைத்திருக்காது.

மேலே சொன்ன கேப் செயின்ட் ஜார்ஜுக்கும் இரண்டாம் பாகம் உண்டு. விழுந்த பிறகு கடலிலிருந்து செங்கற்களை மீட்டு, தன்னார்வலர்கள் ஒவ்வொன்றாக உட்கார்ந்து பழைய காரையைச் சுரண்டிச் சுத்தம் செய்தார்கள். மூல வரைபடம் கைவசம் இருந்ததால் 2008ல் பக்கத்துத் தீவின் ஊர் நடுவே அதே அளவில் மறுபடி எழுப்பினார்கள். அது பழைய விளக்கமா, நகலா என்று விவாதிக்கலாம், என்னைப் பொறுத்தவரை பாதி பழையது, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

வரைபடம் இல்லாவிட்டால் இந்தக் கதவும் மூடிவிடும். கோடியக்கரையில் சோழர் காலத்தது என்று சொல்லப்பட்ட செங்கல் கலங்கரை விளக்கத்தின் எச்சம் 2004 சுனாமியில் போனது. அதைத் திரும்பக் கட்ட யாராலும் முடியாது. ஆகவே எந்த வழியை எடுத்தாலும் முதலில் செலவழிக்க வேண்டிய காசு முழுமையான அளவெடுப்புக்கும் போட்டோவுக்கும்தான். இருக்கிற செலவிலேயே மலிவானது, எல்லோரும் கடைசிக்குத் தள்ளுவதும் அதைத்தான்.

## ஒரே பார்வையில்

| | தடுப்பது | நகர்த்துவது | அடியைப் பலப்படுத்துவது | கழற்றுவது |
|---|---|---|---|---|
| முதல் செலவு | நடுத்தரம் | மிக அதிகம் | அதிகம் | குறைவு |
| திரும்பத் திரும்ப வரும் செலவு | கல், மணல், பக்கத்து ஊர் வழக்கு | கோபுரப் பராமரிப்பு மட்டும் | எஃகு, படகு, கண்காணிப்பு | சேமிப்பிடம் |
| இடம் மிஞ்சுமா | ஆம், கரை மாறிவிடும் | இல்லை | ஆம் | இல்லை |
| கட்டடம் மிஞ்சுமா | ஆம் | ஆம், அஸ்திவாரம் போகும் | ஆம் | பாகங்கள் மட்டும் |
| வாங்கும் காலம் | 10–30 வருஷம் | 40–100 வருஷம் | மண்ணைப் பொறுத்தது | கணக்கே இல்லை |
| மனம் மாறினால் திரும்ப முடியுமா | ஓரளவு | முடியாது | முடியாது | வரைபடம் இருந்தால் |

காலக் கணக்கு மேலே பார்த்த உதாரணங்களிலிருந்து நான் போட்ட தோராயம், உங்கள் கரைக்கு அப்படியே பொருந்தாது.

## எதை எடுத்தாலும் தப்பாத பில்

தள்ளிச் சொல்கிறேன் என்றேனே, அது இதுதான். ஹேட்டரஸை நகர்த்த ஆனது 1 கோடியே 20 லட்சம் டாலர். கால் நூற்றாண்டு கழித்து, 2024ல் தொடங்கிய பழுதுபார்ப்புக்கு ஒப்பந்தத் தொகை 1 கோடியே 92 லட்சம் டாலர். பண மதிப்பு மாறியிருப்பதைக் கழித்தாலும் சாதாரணத் தொகையில்லை. பழைய பெயிண்டைச் சுரண்டி எடுப்பது, துருப்பிடித்த வார்ப்பிரும்பை மாற்றுவது, செங்கல், கல் வேலை. அரை மைலுக்கு மேல் நகர்ந்து போனாலும் உப்புக்காற்று கூடவேதான் வந்தது.

உயரமான கோபுரத்தைக் கொல்வது பெரும்பாலும் அலை கிடையாது, மேலிருந்து இறங்கும் தண்ணீர்தான். மேல்மாடத்தின் இரும்புத் தாங்கிகள் செங்கல்லுக்குள் பதிந்திருக்கும். இடுக்கில் ஈரம் போனால் இரும்பு துருப்பிடிக்கும், துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும், சுற்றியிருக்கும் செங்கல்லை உள்ளிருந்தே நெம்பிப் பிளக்கும். கலிஃபோர்னியாவின் பிஜன் பாயின்ட் விளக்கத்தில் 2001 டிசம்பரில் மேல்விளிம்பிலிருந்து செங்கல்லும் இரும்புமாகப் பெரிய துண்டுகள் கீழே விழுந்தன. அன்று மூடிய கோபுரத்துக்குப் பழுதுபார்க்க மாநில அரசின் பணம் ஒதுக்கப்பட்டது 2019ல், 1 கோடியே 89 லட்சம் டாலர், வேலை ஆரம்பித்தது 2024ல். அங்கே கரை பாறை, கோபுரத்தை மூடவைத்தது கடலரிப்பு இல்லை.

அடுத்தது சிமெண்ட். பழைய செங்கல், சுண்ணாம்புக் காரை இரண்டும் ஈரத்தை உள்வாங்கி வெளியே விடும் சுபாவம் உள்ளவை. மேலே சிமெண்டைப் பூசி, ஈரம் புகாத எண்ணெய்ப் பெயிண்டையும் அடித்தால் முதல் மழைக்கு ஜம்மென்று இருக்கும். உள்ளே மாட்டிய ஈரம் வெளியேற வழியில்லாமல் செங்கல்லிலேயே உப்புப் பூக்கும், முகம் பொரிந்து மாவாக உதிரும். வெளியே பூச்சு கெட்டியாக நிற்கும், தட்டிப் பார்த்தால் உள்ளே பொள்ளல் சத்தம் கேட்கும். பிறகு அந்தச் சிமெண்டை உரித்தால் செங்கல்லின் தோலும் கூடவே வரும். இதைத் திருத்தும் செலவு முதலில் சுண்ணாம்பிலேயே செய்திருந்தால் ஆகியிருக்கும் செலவைவிட அதிகம்.

சுண்ணாம்புக்கும் விலை உண்டு, அதை மறைக்க வேண்டாம். மெதுவாகத்தான் இறுகும், வெயில் நேராகப் படாமல் மறைத்து ஈரமாக வைத்திருக்க வேண்டும், மழைக்காலத்தில் வேலை நிற்கும், அத்தனை நாளும் சாரத்துக்கு வாடகை ஓடும். தெரிந்த கொத்தனார் கிடைப்பது இன்னொரு பாடு. கடுக்காய், வெல்லத் தண்ணீரில் புளிக்கவைத்துச் சுண்ணாம்பு குழைத்த கைகள் நம் பக்கத்தில் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கின்றன, கோயில் திருப்பணிகளில் தேடினால் அகப்படுவார்கள். பாறையில் நிற்கும், அலை நேரடியாக அடிக்கும் கோபுரத்தின் அடிப்பகுதிக்கு மட்டும் நீரிலேயே இறுகும் வகைச் சுண்ணாம்பு தேவைப்படும், சாதாரணச் சுண்ணாம்பு அங்கே நிற்காது.

லென்ஸைத் தனியாகக் கணக்கெடுங்கள். பிஜன் பாயின்ட் லென்ஸில் மட்டும் 1,008 கண்ணாடிப் பட்டகங்கள், 2011ல் அதை இறக்கிப் பக்கத்துக் கட்டடத்தில் வைத்தார்கள். சில பழைய விளக்குகளில் லென்ஸ் சுழல்வதற்குப் பாதரசத் தொட்டி இருக்கும், பழைய பெயிண்டில் ஈயம் இருக்கும். இரண்டையும் எடுக்கத் தனிப் பயிற்சி பெற்ற ஆட்கள் வேண்டும், சாதாரண காண்டிராக்டரிடம் விட்டுவிடாதீர்கள்.

## எந்த நிலையில் எது

மணல் கரை, வேகமான அரிப்பு, பின்னால் அரசு நிலம், பெரிய அமைப்பு பொறுப்பேற்கத் தயார்: நகர்த்துங்கள், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. கடல் நெருங்க நெருங்க இயந்திரம் நிற்கவே இடம் இருக்காது, விலை ஏறும்.

அதே மணல் கரை, ஆனால் பணம் குறைவு: ருபியர் நூட மாதிரி குறைந்த தூரம், குறைந்த ஆயுள், அதை ஒளிக்காமல் ஊருக்குச் சொல்லிவிட்டுச் செய்யலாம். கோபுரம் சிறிதாக இருந்தால் மட்டும்.

ஊருக்கு நடுவில், ஏற்கெனவே கல்வரிசை உள்ள இடம் என்றால் தடுப்பைப் பராமரியுங்கள், கோபுரத்துக்குத் தனியாக ஒன்றும் புதிதாகக் கட்ட வேண்டாம். தண்ணீருக்குள் நிற்பதை மாரிஸ் தீவு மாதிரி பலப்படுத்தலாம், பார்வையாளர் வருமானத்தைக் கணக்கில் சேர்க்காமல் திட்டம் நின்றால் மட்டும். பொறுப்பேற்க ஆளே இல்லை, தரைக்கு ஐந்து வருஷம்தான் என்றால் அளவெடுத்து, விளக்கறையையும் லென்ஸையும் இறக்கிவிடுங்கள்.

இதைப் படிக்கிறவர்களில் பலருக்கு இந்த நாலுமே தேவைப்படாது. சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் நிற்கும் 1844ஆம் ஆண்டுக் கல் தூணுக்கும் கடலுக்கும் நடுவில் துறைமுகமே வந்துவிட்டது, அந்த மாதிரிக் கோபுரங்களைக் கடல் தேடி வராது. அவற்றுக்கு வேண்டியது மழைக்கு முன் மேல்மாடத்தில் ஏறி வடிகால் அடைப்பை எடுப்பதும், ஜன்னல் விளிம்பில் ஓதம் தெரிகிறதா என்று பார்ப்பதும், முளைத்த அரசங்கன்றை வேரோடு பிடுங்குவதும்தான். வருஷா வருஷம் அதற்கு ஒரு தொகையையும் ஓர் ஆளையும் எழுத்தில் ஒதுக்கிவிட்டு, நாலு வழிகளையும் பற்றி அப்புறம் பேசலாம்.